நீர்மூழ்கியின் விலை எங்கே குறைகிறது: வரைபடத்திலா, ஒப்பந்தத்திலா, தளத்திலா?

2005-ல் அமெரிக்கக் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்த அட்மிரல் மைக் முல்லன், நீர்மூழ்கிக் கப்பல் கட்டுபவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். வர்ஜீனியா வகை அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றுக்கு அப்போது சுமார் 240 கோடி டாலர் ஆகிக்கொண்டிருந்தது. அதே 2005-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில் 200 கோடிக்கு இறக்கிக் காட்டினால் 2012 நிதியாண்டு முதல் ஆண்டுக்கு இரண்டு வாங்குகிறோம். முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒன்றுதான். இரண்டு கப்பல், 400 கோடி டாலர், 2012. இந்த மூன்று எண்களும் அந்த வட்டாரத்தில் மந்திரம்போல் ஓதப்பட்டன.

ஒரு கப்பலுக்கு 40 கோடி டாலரைக் குறைப்பதென்றால் கை வைக்க நான்கு இடங்கள் உண்டு. வடிவமைப்பை எளிதாக்கலாம். மொத்தமாக ஆர்டர் கொடுக்கலாம். கட்டும் தளத்தை இடைவெளியே விடாமல் ஓட்டலாம். அல்லது வேறொரு நாடு கட்டிப் பழகிய வடிவத்தை வாங்கிக் கட்டலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வழி ஆட்டம் கண்டால் மற்ற மூன்றிலும் சேமித்த பணம் கரைந்துபோகும்.

ஐந்தாவதாக ஒரு வழியைப் பலரும் சொல்வார்கள்: கப்பலையே சிறிதாகக் கட்டு. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் கணக்கு ஒத்துவராது. நீர்மூழ்கியின் விலையில் உடற்கூட்டு எஃகின் பங்கு சிறியது. பெரும்பணம் அணு உலை, சோனார் (ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி), ஆயுதக் கட்டுப்பாட்டுக் கருவிகள், அவற்றை இணைக்கும் குழாய்கள், கேபிள்கள், இவற்றையெல்லாம் உள்ளே பொருத்தும் ஆட்களின் உழைப்பு ஆகியவற்றுக்குப் போகிறது. உடற்கூட்டைச் சுருக்கிவிட்டு அதே கருவிகளைத் திணித்தால் ஒரு வெல்டருக்குக் கை நுழைக்க இடம் இருக்காது. முன்பு ஒரு நாளில் முடிந்த வேலை மூன்று நாள் இழுக்கும். கப்பல் கட்டுபவர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. பட்டறைத் தரையில் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை, மூடப்படாத உருளைப் பகுதிக்குள் செய்தால் மூன்று மணி நேரம் ஆகும். மூடிய கப்பலுக்குள் செய்தால் எட்டு மணி நேரம். கீழே வரும் சேமிப்புகளில் பாதி இந்த ஒன்று-மூன்று-எட்டு கணக்கிலிருந்து பிறந்தவை.

வரைபடத்தில் குறைப்பது

வர்ஜீனியாவுக்கு முன்னால் வந்த சீவுல்ஃப் வகையில் 29 கப்பல்கள் கட்டத் திட்டமிட்டார்கள். கட்டியது மூன்று. சோவியத் ஒன்றியம் மறைந்ததும் அந்த விலைக்கு நியாயம் சொல்ல ஆளில்லாமல் போனது. HY-100 என்ற புதிய, வலுவான எஃகை எடுத்துக்கொண்டு, முதல் கப்பலின் வெல்டிங்கில் விரிசல் கண்டு, செய்த வேலையைப் பிரித்து மீண்டும் செய்ய வேண்டிவந்தது. வர்ஜீனியா அந்தப் பாடத்தின் பிள்ளை. அதில் வரைபவர்களும் கட்டுபவர்களும் தொடக்கத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். உடற்கூட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் பழைய பெரிஸ்கோப்புக்குப் பதிலாக கேமரா பொருத்திய கம்பம் வந்தது; அதனால் கட்டுப்பாட்டு அறையை வசதியான இடத்துக்கு நகர்த்த முடிந்தது. சோனார் கணிப்புக்கு இராணுவத்துக்கென்றே செய்த கணினிகளைக் கைவிட்டு, சந்தையில் கிடைக்கும் செயலிகளைப் பொருத்திச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் முறை 1990-களின் கடைசியிலேயே அமெரிக்க நீர்மூழ்கிகளில் தொடங்கிவிட்டது.

முல்லனின் நிபந்தனைக்குப் பிறகு கை வைத்தது மூக்குப் பகுதியில். அதுவரை அங்கே பெரிய உருண்டை வடிவ சோனார் இருந்தது. அதன் உணரிகளுக்கான இணைப்புகள் உடற்கூட்டை நூற்றுக்கணக்கான இடங்களில் துளைத்துச் சென்றன. ஒவ்வொரு துளையும் ஆழ்கடல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு, தனி ஆவணம். வர்ஜீனியா வகையின் மூன்றாவது கொள்முதல் தொகுதிக் கப்பல்களில் அந்த உருண்டையை எடுத்துவிட்டு, நீருக்குள்ளேயே இருக்கும் குதிரைலாட வடிவ சோனாரை வைத்தார்கள். துளைகள் பெருமளவு ஒழிந்தன. டோமஹாக் ஏவுகணைக்கான 12 தனிக் குழாய்களும் போய், ஒவ்வொன்றிலும் ஆறு ஏவுகணை கொள்ளும் இரண்டு பெரிய குழாய்கள் வந்தன. சுமக்கும் ஏவுகணை அதே 12. செய்ய வேண்டிய வேலை குறைவு. திறனைக் குறைக்காமல் விலையைக் குறைத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த வழிக்கும் கட்டணம் உண்டு. மறுவடிவமைப்புக்கு முன்பணம் வேண்டும். எத்தனை கப்பலில் அது திரும்பி வரும் என்று தெரிய வேண்டும். புதிய மூக்கோடு வந்த முதல் கப்பலான நார்த் டகோட்டா, வெளியிலிருந்து வாங்கிய சில பாகங்களில் தரக் கோளாறு வந்ததால், 2014 மே மாதத்துக்குக் குறித்த சேவை நுழைவை அக்டோபருக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. ஆறு கப்பல் மட்டுமே வாங்கும் கடற்படை இப்படி மூக்கை மாற்றத் துணிந்தால், மிச்சம் பிடித்ததைவிடச் செலவழித்தது அதிகமாக இருக்கும்.

ஒப்பந்தத்தில் குறைப்பது

அந்த 40 கோடியில் ஏறக்குறைய பாதி, ஆண்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கட்டுவதாலேயே வரும் என்பது கடற்படையின் கணக்கு. இதில் பொறியியல் சாகசம் எதுவும் கிடையாது. தளத்தின் நிலையான செலவு, அதாவது கிரேன், உலர்துறை, மேற்பார்வையாளர் சம்பளம், இரண்டு கப்பலுக்குப் பங்கிடப்படுகிறது. பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தை ஒரேயடியாகப் போடுவதால், வால்வும் பம்பும் செய்பவருக்கு ஐந்தாறு கப்பலுக்கான ஆர்டர் சேர்ந்து கிடைக்கிறது. அவர் விலை குறைக்கிறார். மூன்றாம் தொகுதி 8 கப்பல், நான்காம் தொகுதி 10 கப்பல் என்று அமெரிக்கா வாங்கியது இப்படித்தான்.

கட்டும் வேலையை இரண்டு தளங்கள் பங்கிட்டுக்கொண்டன. கனெக்டிகட்டில் இருக்கும் எலக்ட்ரிக் போட்டும் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் நியூபோர்ட் நியூஸும் ஒவ்வொரு கப்பலிலும் தமக்குரிய பகுதிகளைச் செய்து, இறுதி இணைப்பை மாற்றி மாற்றிச் செய்கின்றன. ஒரே வேலையை ஒரே ஆள் மறுபடி மறுபடி செய்வதால் கை பழகுகிறது. முதலில் பத்துத் துண்டுகளாக வந்து இணைந்த கப்பல், பிறகு நான்கு பெரிய துண்டுகளாக வந்தது. மூடிய கப்பலுக்குள் செய்யும் எட்டு மணி நேர வேலைகள் பட்டறைத் தரைக்குப் போய் ஒரு மணி நேர வேலைகளாயின. 2013-ல் மின்னசோட்டா குறித்த தேதிக்கு 11 மாதம் முன்னதாகவே கடற்படையிடம் சேர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு என்ற கொள்முதல் 2012-க்கும் ஒரு வருடம் முன்பே, 2011 நிதியாண்டில் தொடங்கிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் வெற்றிக் கதை. ஆனால் ஆர்டர் கொடுப்பதும் கப்பல் கைக்கு வருவதும் வேறு வேறு. கொலம்பியா என்ற பெரிய ஏவுகணை நீர்மூழ்கித் திட்டம் அதே தளங்களில், அதே வெல்டர்களைக் கேட்டு வந்தது. கோவிட் காலத்தில் அனுபவசாலிகள் பலர் ஓய்வுபெற்றுப் போனார்கள். 2022-க்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டுக்குப் பதில் 1.1 முதல் 1.2 வர்ஜீனியாவே கட்டப்படுகிறது. நடுவில் கூடுதல் ஏவுகணைப் பகுதி செருகிய இன்றைய வர்ஜீனியாவின் விலை 400 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பணவீக்கமும் கப்பலின் நீளமும் இதில் ஒரு பங்கு என்றாலும், குறைந்த வேகத்தில் ஓடும் தளத்தில் மொத்த ஆர்டரின் சலுகை முழுமையாகக் கிடைக்காது.

தளத்தை நிறுத்தாமல் ஓட்டுவது

ஜப்பான் இதை வேறுமாதிரி அணுகுகிறது. கோபே துறைமுகத்தில் மிட்சுபிஷி, கவாசாகி என்று இரண்டு தளங்கள். ஆண்டுக்கு ஒரு டீசல்-மின் நீர்மூழ்கி, இரண்டும் மாற்றி மாற்றி. பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய இதே தாளம். சோரியூ வகையில் 12 கப்பல்கள். அடுத்தது தைகெய் வகை. மாற்றங்களும் இந்தத் தாளத்துக்குள்ளேயே நடக்கின்றன: சோரியூ வகையின் கடைசி இரண்டு கப்பல்களில் நீருக்கடியில் வெளிக்காற்று இல்லாமல் ஓடும் ஸ்டெர்லிங் எஞ்சினை எடுத்துவிட்டு லித்தியம்-அயன் மின்கலத்தைப் பொருத்தி, சேவையில் விட்டுப் பார்த்தார்கள். அடுத்த வகை அந்த மின்கலத்தையே எடுத்துக்கொண்டது. புதிய தொழில்நுட்பமும் புதிய உடற்கூடும் ஒரே நேரத்தில் தலையில் விழவில்லை.

ஆண்டுக்கு ஒரு கப்பலுக்கு இரண்டு தளங்கள் எதற்கு என்று எந்த நிதித்துறை அதிகாரியும் கேட்பார். தாளம் கெடக்கூடாது என்பதற்காக, இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய கப்பல்களை 20 வயதையொட்டிக் கழித்துவந்தார்கள் என்பதும் வீண்செலவாகத் தெரியும். ஆனால் 2010-ல் நீர்மூழ்கிப் படையை 16-லிருந்து 22 ஆக்குவது என்று முடிவெடுத்தபோது புதிய தளமோ புதிய ஆட்களோ தேவைப்படவில்லை. பழைய கப்பல்களைச் சில ஆண்டுகள் கூடுதலாக வைத்துக்கொண்டார்கள்; 2022-ல் எண்ணிக்கை 22-ஐத் தொட்டது.

எதிர்ப்புறத்தில் பிரிட்டன். பாரோ-இன்-ஃபர்னஸ் தளத்தில் வான்கார்டு வகைக் கப்பல்களின் வேலை 1990-களில் முடிந்துகொண்டிருந்தது. பனிப்போர் முடிந்த நிம்மதியில் அடுத்த ஆர்டரைத் தள்ளிப்போட்டார்கள். வரைபவர்களும் வெல்டர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். 1997-ல் அஸ்டியூட் வகைக்கு ஒப்பந்தம் போட்டபோது, அணுசக்தி நீர்மூழ்கி வரையத் தெரிந்தவர்கள் போதிய அளவில் இல்லை. கணினியில் முப்பரிமாணமாக வரையும் முறையும் அவர்களுக்குப் புதிது. கடைசியில் அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட்டிலிருந்து நிபுணர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. 2009 வாக்கில் திட்டம் 57 மாதம் தாமதம். முதல் மூன்று கப்பல்களுக்கான செலவு மதிப்பீட்டைவிட 135 கோடி பவுண்டு, அதாவது 53 விழுக்காடு, அதிகம். ஆர்டரைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளில் பட்ஜெட்டில் மிச்சமானதாகத் தெரிந்த பணம் வட்டியோடு வெளியே போனது.

பிறர் வடிவத்தை வாங்குவது

சிறிய கடற்படைகளுக்கு இதுவே புத்திசாலித்தனம். ஜெர்மனியின் 209 வகை அறுபதுக்கும் மேல் கட்டப்பட்டது; ஜெர்மனி தன் கடற்படைக்கு அதில் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. வடிவமைப்புச் செலவு ஏற்கெனவே தீர்ந்துபோனது, குறைகள் முதலில் வாங்கியவர் தலையில் விடிந்தவை. நார்வேயும் ஜெர்மனியும் 212சிடி வகையை ஒரே வடிவத்தில் சேர்ந்து வாங்குவதும் இதே காரணத்துக்காக.

இந்த வழியில் இந்தியாவையும் தென்கொரியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தியா முந்திக்கொண்டது: 1981-ல் 209 வகைக்கு ஒப்பந்தம், இரண்டு ஜெர்மனியின் கீல் நகரில், இரண்டு மும்பையின் மசகான் டாக் கப்பல் தளத்தில். மேலும் இரண்டு கட்டும் வாய்ப்பு தரகுப் புகாரில் சிக்கிக் கைவிடப்பட்டது. 1994-ல் அவற்றில் கடைசியான சங்குல் சேவைக்கு வந்ததோடு மசகானின் நீர்மூழ்கிப் பட்டறை ஓய்ந்தது. கொரியா 1987-ல்தான் ஒப்பந்தம் போட்டது. முதல் கப்பல் கீலில், மற்றவை சொந்த நாட்டில். ஒன்பதைக் கட்டி முடித்துக் கையோடு 214 வகையில் இன்னும் ஒன்பது, அதையடுத்துச் சொந்த வடிவமான தோசான் ஆன் சாங்ஹோ. நடுவில் இந்தோனேசியாவுக்கு மூன்று கப்பல்கள் விற்கவும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். இரு நாடுகளும் ஒரே ஜெர்மானியரிடம்தான் பாடம் கேட்டன.

மசகான் டாக் மீண்டும் தொடங்கியது 2005-ல், பிரான்சின் ஸ்கார்பீன் வடிவத்தோடு. வேறு நாடு, வேறு வெல்டிங் நடைமுறை, புதிய தலைமுறைத் தொழிலாளிகள். 2012-ல் வந்திருக்க வேண்டிய முதல் கப்பலான கல்வரி 2017 டிசம்பரில் வந்தது. ஆனால் ஆறாவதான வாக்ஷீர் 2025 ஜனவரியில் சேவையில் சேர்ந்தபோது, அந்தத் தளத்துக்கு ஸ்கார்பீன் கட்டத் தெரிந்திருந்தது.

வேலையைக் குறைக்காமல் ஆய்வைக் குறைப்பது என்ற குறுக்குவழியையும் சொல்லிவிட வேண்டும். 1963-ல் 129 பேருடன் மூழ்கிய திரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக்குப் பிறகு அமெரிக்கா கொண்டுவந்த கடுமையான சோதனை விதிகள் விலையை ஏற்றின என்பது உண்மை. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை, பல்லாண்டுகள் எஃகுச் சோதனை முடிவுகளைப் பொய்யாக எழுதிக் கொடுத்தது அம்பலமானபோது, அந்த வார்ப்புகள் இருந்த கப்பல்களைத் தேடிப்பிடித்துக் கூடுதலாக ஆராய வேண்டியிருந்தது. இந்த வழியை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது.

எனவே தேர்வு எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது நாற்பது கப்பல் வாங்குபவர் வடிவமைப்பிலும் மொத்த ஆர்டரிலும் பணம் போடலாம்; போட்ட பணம் திரும்பும். இருபதையொட்டி நிற்பவர் ஜப்பானைப் பார்க்கட்டும். ஆறு ஆறாக வாங்குபவர், தெரிந்த வடிவத்தை மாற்றாமல் தொடர வேண்டும். இந்தியா 2021-ல் அடுத்த ஆறு நீர்மூழ்கிக்குச் சுமார் 43,000 கோடி ரூபாய் மதிப்பில் டெண்டர் கோரியது. பின்னர் செய்திகளில் 70,000 கோடியையொட்டிய தொகைகள் அடிபடத் தொடங்கின. மசகான் டாக் அதற்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது மறுபடி ஜெர்மானியரை. அப்படியானால் ஸ்கார்பீனில் பழகிய கைகள் இன்னொரு வடிவத்தைப் பழக வேண்டும். 2023 ஜூலையில் கூடுதலாக மூன்று ஸ்கார்பீன்களுக்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் தந்தது. அந்த மூன்றை முதலில் கட்டியிருந்தால், கிடைத்திருக்கக்கூடிய நீர்மூழ்கிகளிலேயே மலிவானவை அவையாகத்தான் இருந்திருக்கும்.