ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்த வேண்டிய இடங்கள்

ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டாவிலிருந்து உலுரு என்ற பெரும்பாறைக்கு வாடகை வண்டியில் போனோம். ஏசி இரண்டாம் நாளே படுத்துவிட்டது, அந்தக் கதை வேண்டாம்.

முதல் நிறுத்தம் ஹார்ட் ஏரி. தண்டவாளத்துக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று உப்பு. பத்து நிமிடம் போதும்.

கூபர் பீடியில் ஓர் இரவாவது தங்குங்கள். 1915இல் ஓப்பல் என்ற ரத்தினக்கல் கிடைத்த ஊர். வெயிலுக்குப் பயந்து பாறையைக் குடைந்து வீடு, தேவாலயம் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். நிலத்தடி அறையில் போர்வை தேவைப்பட்டது! ஊருக்கு வடக்கே இருக்கிற பிரேக்அவேஸ் குன்றுகளுக்குத்தான் என் முதல் மதிப்பெண். மாலை வெயிலில் குன்றுகள் மஞ்சள், காவி, வெள்ளை என்று மாறிக்கொண்டே இருந்தன. நுழைவு அனுமதி வாங்க மறக்காதீர்கள்.

உலுருவுக்குப் பிரிந்து போகும் லாசெட்டர் நெடுஞ்சாலையில் தட்டையாக ஒரு மலை தெரிந்ததும் "உலுரு!" என்று கத்தினேன். அது கானர் மலையாம். எதிர்ப்புற மணல்மேட்டில் ஏறுங்கள், அங்கிருந்து உப்பு ஏரி தெரியும்.

348 மீட்டர் உயர உலுருவைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? 2019 முதல் ஏறத் தடை. அடிவாரத்தைச் சுற்றி நடப்பதே அழகு. அப்புறம், ஈக்களுக்கு முகவலை கட்டாயம். இருட்டியபின் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே பாயும்.