எம்பிடி: கடைக்கும் கோயிலுக்கும் ஏற்ற பாட்டுப்பெட்டி, இணைப்பைப் புரிந்துகொண்டால்

கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் தேநீர்க்கடையிலோ ஊர்க்கோயிலிலோ நாள் முழுக்கப் பாட்டுப் போட மியூசிக் பிளேயர் டீமனை, அதாவது எம்பிடியை, தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இலவச மென்பொருள். பாட்டுகள் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் இன்ரநெற் தேவையில்லை. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றும் அம்பிளிபயரும் போதும். மிச்சத்தைப் போனிலிருந்து இயக்கலாம். பை 5 வாங்குபவர்கள் கவனியுங்கள்: அதில் 3.5 மி.மீ. துளை கிடையாது, யூஎஸ்பி சவுண்ட் கார்ட் தனியாக வேண்டும்.

பெரிய குறை, பிழைச் செய்தி. போன் செயலி "இணைக்க முடியவில்லை" என்பதோடு நின்றுவிடும். போனுக்கும் எம்பிடிக்கும் இடையில் ஒரு தொடர்பு, எம்பிடிக்கும் சவுண்ட் கார்டுக்கும் இடையில் இன்னொன்று. பாட்டுப் பட்டியல் போனில் தெரிந்தும் சத்தம் வராவிட்டால் முதலாவதில் பிழையில்லை. அதைக் கிண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டியலே வரவில்லையா? பையிலேயே எம்பிசி (mpc) என்ற, எம்பிடியோடு பேசும் கட்டளையை அடியுங்கள். அங்கே பதில் வந்து போனில் வராவிட்டால், எம்பிடி 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். டெபியன் லினக்ஸில் நிறுவியவுடன் அமைப்புக் கோப்பில் localhost என்று இருப்பது அதுதான். அந்த வரியை 0.0.0.0 ஆக்கி எம்பிடியை மறுபடி தொடக்குங்கள், செயலியில் கொடுக்கும் போர்ட் 6600. மாற்றியும் பலனில்லாவிட்டால் லினக்ஸில் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியின் எம்பிடி சொக்கெட் (mpd.socket) ஓடுகிறதா என்று பாருங்கள். அது திறந்துகொடுக்கும் வாசலைத்தான் எம்பிடி பாவிக்கும், அமைப்புக் கோப்பின் முகவரி வரியைக் கணக்கிலெடுக்காது. பலரைச் சுற்றவிடும் இடம் இது.

எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லைகள் வேறு. கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் பைக்குப் புது முகவரி கொடுத்துவிடலாம். செயலி பழையதையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பையின் மெக் முகவரிக்கு, அதாவது அதன் வன்பொருள் அடையாளத்துக்கு, ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்கிவிடுங்கள். வைஃபையில் இன்ரநெற் இல்லாவிட்டால் சில போன்கள் தாமாகவே மொபைல் டேற்றாவுக்குத் தாவும். அப்போது 192.168 என்று தொடங்கும் முகவரி எட்டாது. டேற்றாவை நிறுத்தினால் சரி.

பட்டியல் வந்தும் சத்தம் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டிலொன்று. ஒன்று, எம்பிடி தனிப் பயனராக ஓடுகிறது, பல்ஸ் ஓடியோ என்ற ஒலிச் சேவை உங்கள் பயனருக்குள் ஓடுகிறது. முன்னதைப் பின்னது உள்ளே விடாது. வெளியீட்டை நேரே அல்சா என்ற லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்புக்குக் கொடுங்கள், எம்பிடி பயனர் ஓடியோ குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். மற்றது, பை மறுபடி எழும்பும்போது கார்ட் இலக்கங்கள் இடம்மாறுவது. நேற்று 0 ஆக இருந்த யூஎஸ்பி கார்ட் இன்று 1, 0இல் எச்டிஎம்ஐ. அதனால் இலக்கத்தை விட்டுக் கார்டின் பெயரை எழுதுங்கள்.

ஒன்று நல்லது, ஆனால் உபத்திரவமும் அதுவே: எங்கே விட்டது என்று குறித்துவைக்கும் நிலைக் கோப்பு அமைத்திருந்தால் கரண்ட் வந்ததும் விட்ட பாட்டைத் தானே தொடரும். நடுச்சாமத்தில் கரண்ட் வந்தால் ஊரே எழும்பும். restore_paused என்ற அமைப்புக்கு யெஸ் கொடுத்தால் நிறுத்திய நிலையில் காத்திருக்கும்.

கடவுச்சொல் வைக்கலாம், ஆனால் அது மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும். 6600ஐ ரவுட்டருக்கு வெளியே திறந்துவிடாதீர்கள்.