இணையத் தொலைபேசிக்கு முன் வலையமைப்பைச் சோதித்தல்: பயன்பாட்டு வரைபடமா, செயற்கை அழைப்பா?

பல கிளைகளை இணைக்கும் விரிபரப்பு வலையமைப்பு இணையத் தொலைபேசியைத் தாங்குமா என்று கண்டறிய நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. ரவுட்டர்களிலிருந்து எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியே ஏற்கெனவே திரட்டிவரும், இணைப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பயன்பாட்டு வரைபடங்களை வைத்துக் கணக்கிடுவது ஒன்று. குரல் அழைப்பைப் போன்ற செயற்கைப் பாக்கெட்டுகளை (சிறு தரவுத் துண்டுகளை) கிளைகளுக்கிடையே அனுப்பி அளப்பது இன்னொன்று. ஏதாவது ஒரு கிளையில் சில தொலைபேசிகளை நிறுவி, பேசுகிறவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது மூன்றாவது. எங்கள் நிறுவனத்துக்காக இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தபோது நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

பட்டையகலக் கணக்கில் சிக்கல் ஏதும் இல்லை. குரலை எண்ணிமமாக்கும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் என்றால், 160 பைட் குரலுடன் 40 பைட் தலைப்புகள் சேர்ந்து ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 80 கிலோபிட் ஆகிறது. குரலை இன்னும் சுருக்கும் ஜி.729 எனில் அது 24 கிலோபிட். உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் நடக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையால் இதைப் பெருக்கிக்கொள்ளலாம். எந்த வழியில் சென்றாலும் இந்தக் கணக்கு தேவை.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: எவ்வளவு கால இடைவெளியில் அளக்கிறோம் என்பது. பெரும்பாலான வரைபடங்கள் ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டுகின்றன. 10 மெகாபிட் இணைப்பு ஒன்று 30 விழுக்காடு பயன்பாட்டில் இருப்பதாக வரைபடம் சொன்னால், அந்த 300 வினாடிகளும் சீராக ஓடியிருக்கலாம். அல்லது 90 வினாடிகள் முழுவதும் நிரம்பி வழிந்து, மீதி நேரம் வெறுமையாகக் கிடந்திருக்கலாம். கோப்புப் பரிமாற்றத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். குரலுக்கோ, இரண்டாவது நிலையில் அந்த ஒன்றரை நிமிடமும் உரையாடல் சிதைந்துபோகும். ரவுட்டரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையில் ஒரு மெகாபைட் தேங்கினால், 10 மெகாபிட் வேகத்தில் அது வடிய ஏறக்குறைய 0.8 வினாடி ஆகும். தொலைத்தொடர்புத் தரங்களை வகுக்கும் ஐடியு-டி அமைப்பின் ஜி.114 பரிந்துரை, ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான பயன்பாடுகளுக்குக் குறையிராது என்கிறது. அந்த வரம்பை ஒரு தேக்கமே பல மடங்கு தாண்டிவிடுகிறது. முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சற்றே பிடித்துவைத்துச் சீராக ஒலிக்கவிடும் தொலைபேசியின் ஜிட்டர் பஃபர் காத்திருக்கும் நேரத்தைக் கடந்து வரும் பாக்கெட், தொலைந்ததற்குச் சமம். கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை எண்ணும் ரவுட்டர் இடைமுகத்தின் இழப்பு எண்ணிகளைப் பார்க்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் வரிசை நீளமாக இருந்தால் எதுவும் இழக்கப்படாமலே தாமதம் மட்டும் ஏறும், எண்ணி அசையாது.

செயற்கை அழைப்பு இதை நேரடியாகப் பிடிக்கிறது. வினாடிக்கு 50 பாக்கெட்டுகள், குரலுக்குரிய அதே அளவு, பாக்கெட்டுக்கு முன்னுரிமை தரச் சொல்லும் இஎஃப் எனப்படும் டிஎஸ்சிபி 46 குறியீடு: இவை மூன்றும் பொருந்த வேண்டும். குறியீட்டை மறந்து அனுப்பினால், குரல் ஒருபோதும் போகாத வரிசையைத்தான் அளந்துகொண்டிருப்போம். மறுமுனையில் வந்துசேரும் பாக்கெட்டிலும் அதே குறியீடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் இடையிலுள்ள சேவை வழங்குநர் அதைச் சுழியாக்கியிருக்கக்கூடும். முன்னுரிமை வகுப்புக்குப் பொதுவாக ஒரு வரம்பும் உண்டு, மிகுந்தவை கழிக்கப்படும். எனவே ஒற்றை அழைப்பை ஓட்டி நிம்மதி அடைவதில் பொருளில்லை. உச்ச நேர எண்ணிக்கைக்கு இணையான அழைப்புகளை, முதலில் பணி முடிந்த பிறகும், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டிப் பணி நேரத்திலும் ஓட்ட வேண்டும். காப்புநகல் எடுக்கும் இரவுகளும் மாத இறுதி நாள்களும் அளவீட்டுக்குள் வர வேண்டும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. இரு முனைகளிலும் கருவியோ மென்பொருளோ தேவை. கடிகாரங்கள் துல்லியமாக ஒத்திருக்காவிட்டால் ஒரு திசைத் தாமதத்தை நம்ப முடியாது. சென்று திரும்பும் நேரத்தைப் பாதியாக்குவது, இரு திசைகளும் வெவ்வேறு பாதையில் செல்லும் இடங்களில் தவறாகும். இழப்பைப் பொறுத்தவரை இந்தத் தொல்லை இல்லை, பாக்கெட்டுகளில் இடப்பட்ட தொடர் எண்களே திசைவாரியாகக் காட்டிக்கொடுத்துவிடும். குரல் தரத்துக்குக் கருவிகள் தரும் எம்ஓஎஸ் மதிப்பெண்ணை நாள் முழுவதற்கும் சராசரியாக்கி அறிக்கையில் போடுவது, வரைபடத்தின் பழைய நோயையே மீண்டும் வரவழைப்பதாகும். நான் ஒவ்வொரு கிளையிலும் மிக மோசமான நிமிடங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன்.

உண்மைத் தொலைபேசிகளைக் கொண்ட முன்னோட்டம் எதிரொலி, கட்டடத்துக்குள் இருக்கும் ஸ்விட்சுகளின் கோளாறு போன்ற, மற்ற இரண்டிலும் தெரியாதவற்றைக் காட்டும். ஆனால் சில தொலைபேசிகள் இணைப்பின் மீது சுமையை ஏற்றுவதில்லை. ஆகவே அதை இரண்டாவது வழிக்குப் பின் வைப்பதே சரி.

கம்பியில்லா இணைப்பில் மட்டும் இயங்கும் கிளைகளைப் பற்றி இதே உறுதியுடன் பேச எனக்குப் போதிய அனுபவம் இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோள் வழியானால் அலை மேலே சென்று இறங்கவே 240 மில்லிவினாடிக்கு மேல் ஆகும் என்பதால், தாமதத்தைச் சோதித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. எல்டிஇ (4ஜி கைபேசி) இணைப்பிலோ நிலைமை மணிக்கு மணி மாறுவதைக் கண்டிருக்கிறேன். அங்கே ஒரு வார அளவீட்டை நம்பி முடிவெடுக்காமல், தொலைபேசிகள் நிறுவப்பட்ட பிறகும் செயற்கை அழைப்பு ஒன்றை ஓடவிட்டிருப்பதே என் தேர்வு.