தொப்பி, கைப்பட்டை, மாத்திரை, பயிற்சி: முடி பிடுங்கும் கைக்கு எது?

பதினாலு வருடம் என் முடியை நானே பிடுங்கியிருக்கிறேன். உச்சந்தலைக்கு இடது பக்கம், ஐந்து விரல் நுனியும் அடங்குகிற அளவுக்கு ஒரு வழுக்கை. வகிட்டை மாற்றி மாற்றி எடுத்து அதை மறைப்பதிலேயே காலம் போனது. இப்போது அங்கே முடி இருக்கிறது. அடர்த்தி குறைவுதான், ஆனாலும் இருக்கிறது. இதற்கு நடுவில் மூன்று வழிகளைச் செய்து பார்த்தேன், நான்காவதைப் பற்றிப் படித்தும் மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழக்க மாற்றுப் பயிற்சியின் பக்கம்.

இது மனவுறுதி இல்லாததால் வருவதல்ல. முடி பிடுங்கும் இந்தக் கோளாறுக்கு ட்ரைக்கோட்டிலோமேனியா என்ற பெயர் 1889-லேயே வைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5, 2013-ல் வெளிவந்தபோது, இதை ஓசிடி (எண்ணமும் செயலும் கட்டுப்பாடில்லாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்) சார்ந்த கோளாறுகளோடு சேர்த்தது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கிறது. தோலைக் கிள்ளிக்கொண்டே இருப்பதும் நகம் கடிப்பதும் இதற்கு நெருங்கிய சொந்தம். இதற்கு மேல் இதை விளக்கப் போவதில்லை. படிக்கிறவருக்கு இது வந்திருந்தால் தெரியும்.

முதலில் நானும் எல்லோரையும் போல, எந்த வழி அதிக முடியைக் காப்பாற்றும் என்றுதான் கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கு தப்பு. இந்தப் பழக்கம் விட்டுவிட்டுத் திரும்பி வரும். தூக்கம் கெட்ட ஒரு வாரம் போதும், ஒரு கெட்ட செய்தி போதும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சறுக்கி விழுந்த மறுநாள், மனசு நொந்து கிடக்கிற நேரத்தில், இந்த வழியை மறுபடி தொடங்க எவ்வளவு சிரமப்பட வேண்டும்? நான்கையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

தடுப்புகள் முதல் நாளே வேலை செய்யும். தொப்பி, தலையில் கட்டும் துணி, கையுறை, விரலில் டேப் என்று பல உண்டு. எனக்குப் பலித்தது டேப். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியையும் சுற்றிவிட்டால் தொடு உணர்வு மங்கிவிடும். பிடுங்குகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வழுவழுப்பான முடிகளைத் தள்ளிக்கொண்டே போகும் விரல், சொரசொரப்பாக, லேசாகச் சுருண்ட ஒன்றில் வந்து நிற்கும், அதை உருட்டும், அப்புறம்தான் இழுப்பு. டேப் போட்டால் அந்தச் சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்படாது. ஆனால் கை கழுவ, குளிக்க, தட்டச்சு செய்ய என்று கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கழற்றிய பத்து நிமிடத்தில் கை பழைய இடத்துக்குப் போய்விடும். "விரலில் என்ன காயம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப் போகும். மறுபடி தொடங்குவது கடினமில்லை, டேப் சுருள் கையெட்டும் தூரத்தில் இருந்தால்.

அதிரும் கைப்பட்டையில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். கை தலைக்குப் போகும் அசைவை அதற்குப் பழக்கிவிட்டால், ஒவ்வொரு முறை போகும்போதும் மணிக்கட்டில் அதிரும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கை போகிறது என்று நினைத்திருந்தேன். முதல் நாள் மாலை மட்டும் நாற்பதுக்கு மேல் அதிர்ந்தது. அன்று நான் அழுதேன். என் கை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை என்பதை அந்தக் கைப்பட்டைதான் காட்டிக்கொடுத்தது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கண்ணாடியைச் சரிசெய்தாலும் தண்ணீர் குடித்தாலும்கூட அது அதிரும். இரண்டு மாதத்தில் அதிர்வு பழகிப்போய், அதிர அதிரவே பிடுங்க ஆரம்பித்துவிட்டேன். சறுக்கிய பிறகு அது மேசை இழுப்பறைக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. எடுக்க வேண்டும், சார்ஜ் போட வேண்டும், அசைவை மறுபடி பழக்க வேண்டும். அந்த மனநிலையில் இந்த மூன்றையும் செய்ய என்னால் முடியவில்லை.

மாத்திரை நான் எடுத்ததில்லை. அதனால் ஆய்வுகள் சொல்வதை மட்டும் சொல்கிறேன். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை வைத்து 2009-ல் 50 பெரியவர்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். 2013-ல் சிறுவர்களிடம் சோதித்தபோது அதே மருந்து வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. மெமன்டைன் என்ற மருந்தை வைத்து 100 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் என்று வந்தது. உற்சாகமான எண்கள்தான். ஆனாலும் இவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், தானாக வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம்.

இனி நான் தேர்ந்தெடுத்த வழி. பழக்க மாற்றுப் பயிற்சியை நேதன் அஸ்ரின், கிரகரி நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் எழுதி வைத்தார்கள். சுருக்கமாக: கை போவதைக் கவனிக்கப் பழகு, அந்தக் கைக்கு வேறு வேலை கொடு, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்.

முதல் வாரம் பயிற்சி எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, எழுதச் சொன்னது. எத்தனை மணி, எங்கே, எந்தக் கை, எப்படி உட்கார்ந்திருந்தேன், என்ன மனநிலை. ஏழு நாள் எழுதியதைப் படித்தபோது ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: இடது முழங்கை மேசைமேல். முழங்கை ஊன்றியதும் உள்ளங்கை கன்னத்துக்கு வருகிறது, கன்னத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து உச்சிக்கு. அதுவரை வேர் கையில் வந்த பிறகுதான் எனக்கு விழிப்பு வரும். இப்போது முழங்கை ஊன்றும்போதே வருகிறது. நடுவில் இரண்டு மூன்று விநாடி கிடைக்கிறது, எனக்கு அது பெரிய அவகாசம்.

மாற்று வேலை இவ்வளவுதான்: கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிய முஷ்டி, தொடையோடு சேர்த்து, ஒரு நிமிடம். உச்சந்தலையில் அந்த ஒரு புள்ளி மட்டும் குறுகுறுக்கும், ஏறும், தாங்க முடியாதது போல இருக்கும். கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஐம்பதாவது விநாடி வாக்கில் தணிய ஆரம்பிக்கிறது. எல்லா நாளும் அல்ல.

துணைக்கு அக்கா. சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் "கையை எடு" என்று சொல்லியே வளர்த்தார்கள். அதைக் கேட்டால் கூச்சத்தில் இன்னும் அதிகம் பிடுங்குவேன். அக்காவிடம் அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். என் முழங்கை மேசைக்கு வந்தால் அவள் ஒரு விரலால் மேசையைத் தட்டுவாள். வேறு எதுவும் பேச மாட்டாள்.

இரண்டாவது வருடம் பெரிதாகச் சறுக்கினேன். மூன்று வாரத்தில் பழைய வழுக்கையில் பாதி திரும்பி வந்துவிட்டது. அன்று மறுபடி தொடங்க என்ன தேவைப்பட்டது? சார்ஜ் இல்லை, மருந்துச் சீட்டு இல்லை, சுருள் தேடவில்லை. விரல்களை மடக்கினேன். அன்று மாலை நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு அந்த ஒரு நாளே காரணம்.

குறை இல்லாமல் இல்லை. தெரிந்தே, வேண்டும் என்றே பிடுங்கும் நேரங்களில், குறிப்பாகக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, முஷ்டி எனக்கு அவ்வளவாக உதவுவதில்லை. அங்கே டேப்தான். சிலருக்கு முஷ்டி மடக்குவதே இறுக்கத்தைக் கூட்டும். அவர்களுக்கு மென்மையான தொடுதல் ஒத்துவரலாம்: விரல் நுனிகளை ஒன்றோடொன்று, அல்லது உள்ளங்கையில், லேசாக வருடுவது. 2023-ல் வெளியான ஒரு ஆய்வில் 268 பேரில் ஒரு பாதி பேர் ஆறு வாரம் இதைத் தாங்களாகவே செய்தார்கள். அவர்களில் 53 சதவீதம் பேர் முன்னேற்றம் சொன்னார்கள், செய்யாதவர்களில் ஐந்தில் ஒருவர்.

பிடுங்கிய முடியை விழுங்குகிறவர்கள் இந்த ஒப்பீட்டில் நேரம் செலவழிக்க வேண்டாம். அது வயிற்றில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை போகலாம். நேரே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இப்போது என் ஏற்பாடு: பகலில் முஷ்டி, இரவு படிக்கும்போது இரண்டு விரலில் டேப். நோட்டு மேசையிலேயே இருக்கிறது. போன வாரம் அக்கா இரண்டு தடவை தட்டினாள்.