உப்புத் தண்ணியும் ஆப்பச் சோடாவும்: மீன் தொட்டியோடு 14 மாதம்

கோவையில் எங்கள் வீட்டுப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) சிமெண்ட் தொட்டி கட்டி 14 மாதம் ஆகிறது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், தண்ணீர் நிற்பது இரண்டேகால் அடி. சுமார் 2,500 லிட்டர். உங்கள் தொட்டியின் லிட்டர் கணக்கை முதல் நாளே சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் உப்போ சோடாவோ எதைப் போடுவதானாலும் அந்த எண் வேண்டும். மீன் வகை, பம்பு பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்கள். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பணத்தையும் ஐந்து மீன்களையும் விழுங்கியது அதுதான்.

கட்டி முடித்த அன்றே கொத்தனார் சொன்னார்: "ஏனுங்க, ஒடனே மீன் விட்டுராதீங்க. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊற வைங்க, சுண்ணாம்பெல்லாம் எறங்கிரும்." மூன்று வாரம், மூன்று முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நாறியது. முதல் தண்ணீரில் நனைத்த பி.எச். தாள் (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 10-ஐத் தாண்டிக் காட்டியது. மூன்றாம் முறை 8.4. தண்டு அழுகும்போது வரும் புளிப்பு சுண்ணாம்பைக் கொஞ்சம் முறிக்கும். ஆனாலும் பெரிய வேலையைச் செய்தது, ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டியதுதான் என்பது என் எண்ணம்.

அடுத்ததுதான் என் முட்டாள்தனம். தொட்டி தெளிவாக இருக்கிறதே என்று பன்னிரண்டு கோய் (வண்ணக் கெண்டை) குஞ்சுகளை ஒரே நாளில் விட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கண்ணாடி மாதிரித் தண்ணீர், பி.எச். தாளில் எந்த மாற்றமும் இல்லை. அந்தத் தாளில் அம்மோனியாவுக்குக் கட்டமே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. சொட்டு மருந்து மாதிரி வரும் டெஸ்ட் கிட்டை அன்று மதியமே வாங்கினேன். இரண்டு பாட்டிலிலிருந்தும் சொட்டு விட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், மஞ்சளாகவே இருக்க வேண்டியது பசும்புல் நிறத்துக்கு வந்தது. 2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் ஊர் போர் தண்ணீரின் பி.எச். இதை இன்னும் மோசமாக்கியது. 30 டிகிரி வெயிலில், பி.எச். 7.4 என்றால் அம்மோனியாவில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். 8.4 என்றால் 17 சதவீதம். கிட் காட்டுவது மொத்தத்தை. அதே 2 பி.பி.எம். ஒரு தொட்டியில் தாங்கும், இன்னொன்றில் கொல்லும்.

சரி, பி.எச்.சை இறக்கிவிடலாம் என்று கடையில் கொடுத்த 'பி.எச். டவுன்' பாட்டிலை ஊற்றினேன். சாயந்திரம் 7.6. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலை பழையபடி 8.3. மறுபடி ஊற்றினேன், மறுபடி ஏறியது. நான்கு நாள் இந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஐந்து மீன்கள் போயின. அம்மோனியாவால் பாதி, என் கையால் பாதி என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் உப்புத் தண்ணி என்று சொல்லும் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கும். அமிலத்தை ஊற்ற ஊற்ற அது குடித்துவிட்டு பி.எச்.சைத் திரும்பத் தூக்கும். பாட்டிலைத் தூரப் போட்டுவிட்டு, தீனியை நிறுத்தி, தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றியதும் மீதி ஏழு தேறின.

நாலாம் வாரம் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது. அதற்கு இரண்டரைக் கிலோ கல்லுப்பு, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ கணக்கு. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். ஏழாம் வாரம் இரண்டுமே பூஜ்யம். நீல டிரம்மில் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரைத் திணித்துச் செய்த ஃபில்டர்தான் இன்றுவரை ஓடுகிறது. பாக்டீரியா குடியிருப்பது அந்த நாரில்தான், அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரில் அலச வேண்டும்.

கோடையில் தண்ணீர் பச்சையானபோது பி.எச். காலை 8.1, மாலை 4 மணிக்கு 9. பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் வரும் ஏற்றம் அது. பச்சை நெட் கட்டியதும் அடங்கியது. எந்த நாள் அளந்தாலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள்.

இனி வருவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. தொட்டி விளிம்பில் உப்புத் தண்ணி வெள்ளை வெள்ளையாகப் பூத்தது பிடிக்காமல், ஆகஸ்டிலிருந்து நல்ல தண்ணிக்கு மாறினேன். சிறுவாணி அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், டிரம்மில் ஒரு நாள் ஏர் பம்பு ஓடவிட்டு, குளோரின் போகட்டும் என்று கொஞ்சம் ஹைப்போவும் (சோடியம் தயோசல்பேட்) போட்டுத்தான் விட்டேன். பார்க்க அருமையாக இருந்தது. நவம்பரில் ஒரு வாரம் விடாமல் மழை. மீன்கள் மூலையில் ஒடுங்கின. பி.எச். 6.2, அம்மோனியா மறுபடி 1 பி.பி.எம்.

கிட்டில் அதுவரை திறக்காமல் கிடந்த ஒரு பாட்டில் கே.எச்., அதாவது கார்பனேட் கடினத்தன்மை. ஒரு சொட்டு ஒரு டிகிரி, நீலம் மஞ்சளாகும்வரை எண்ண வேண்டும். முதல் சொட்டிலேயே மஞ்சள். போர் தண்ணீரை அளந்தால் பதினான்கு சொட்டு. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது இந்தக் கார்பனேட்டையும் சேர்த்துத் தின்கிறது. அம்மோனியாவின் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஏழு பங்கு. சிறுவாணியிலும் மழையிலும் அது அவ்வளவாகக் கிடையாது. இருந்ததெல்லாம் தீர்ந்து, பி.எச். விழுந்து, பாக்டீரியாவும் சோர்ந்துவிட்டது. நான் எட்டு மாதம் திட்டிக்கொண்டிருந்த உப்புத் தண்ணிதான் தொட்டியைத் தாங்கி நின்றிருக்கிறது.

சமையலறையிலிருந்து ஆப்பச் சோடா டப்பாவை எடுத்தேன், அதுவும் பைகார்பனேட்தான். "ஏன் கண்ணு, மீனுக்கு ஆப்பமா சுடப் போறே?" என்றார் அம்மா. 2,500 லிட்டருக்கு 75 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். அம்மோனியா இருக்கும்போது பி.எச்.சை விறுவிறுவென ஏற்றினால், விஷமில்லாமல் கிடப்பதில் ஒரு பங்கு விஷமாகிவிடும். முதலில் தண்ணீரை மாற்றினேன், பிறகு தினம் 75 கிராம் வீதம் ஐந்து நாள். ஒரு மீனும் போகவில்லை.

இப்போது பாதி உப்புத் தண்ணி, பாதி நல்ல தண்ணி. பி.எச். 8-ஐ ஒட்டியே நிற்கிறது, அதை இறக்கப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை கே.எச்., தீனியைக் கூட்டினால் மட்டும் அம்மோனியா. கே.எச். பாட்டில் தீர்ந்து இரண்டாவது வாங்கியாயிற்று. பி.எச். டவுன் பாட்டில் முக்கால்வாசி மீதியோடு மோட்டார் ரூமில் இருக்கிறது, பாத்ரூம் டைல்ஸில் உப்புக் கறை எடுக்க அம்மா அதைக் கேட்டிருக்கிறார்.