சத்தமிடும் சுவர்க்கோழிகளை இளம்பூச்சிகள் என்று நம்பி வாங்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பல்லி வகைகளைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் மிகச் சிலரே. அவற்றுக்கு உயிருள்ள தீனி விற்கும் கடைகளோ அதிலும் குறைவு. வேறு போக்கிடம் இல்லை என்பதை விற்பவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள். கடந்த சித்திரை மாதம் நகரிலுள்ள அத்தகைய கடையொன்றில் நான் ஏமாற்றப்பட்ட விதத்தை, மற்றவர்களும் அதே பெட்டியை வாங்கிச் செல்லக் கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

என் மகள் வளர்க்கும் சிறுத்தைப் பல்லி அசையாத தீனியைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே கடையில் 'கிரிக்கெட்' என்று சொல்லி விற்கப்படும் சுவர்க்கோழிகளைத்தான் நாங்கள் வாங்கி வைத்துக் கொடுத்து வருகிறோம். பாதி வளர்ந்த பூச்சிகளே வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். கொழும்பிலிருந்து இரவுப் பேருந்தில் அன்று காலைதான் வந்தவை என்றும், இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும் என்றும் கூறி, 200 பூச்சிகளுக்கு 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். பெட்டிக்குள்ளிருந்து வந்த ரீங்காரத்தைச் சுட்டிக்காட்டி, "சத்தத்தைக் கேளுங்கோ அண்ணை, எவ்வளவு உசாராய் இருக்குதுகள்" என்றார். நானும் அதை நம்பினேன்.

மறுநாள் காலையில் முப்பதுக்கு மேற்பட்டவை இறந்து கிடந்தன. நான்காம் நாள் எண்ணியபோது அறுபது கூட மிஞ்சவில்லை. முறையிடச் சென்றபோது, "நீங்கள் நுளம்புத்திரி கொளுத்தியிருப்பியள்" என்று அவர் என்மீதே பழியைப் போட்டார். நுளம்புத்திரியின் புகை சுவர்க்கோழிகளைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே எங்கள் வீட்டில் பல காலமாகத் திரி கொளுத்துவதில்லை. நாங்கள் வலைக்குள்தான் படுக்கிறோம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்காமல் வந்தது என் தவறு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம் என்று நினைத்தபோது, காட்டுவதற்கு என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை.

அவர் தரத்துக்குச் சான்றாகக் காட்டிய அந்தச் சத்தமே அவர் சொன்னது பொய் என்பதற்கான சான்று. சுவர்க்கோழிகளில் ஆண் மட்டுமே, அதுவும் கடைசியாகத் தோலுரித்துச் சிறகு முழுமையாக வளர்ந்த பிறகே, முன்சிறகுகளை ஒன்றோடொன்று உரசி ஒலியெழுப்புகிறது. பாதி வளர்ந்த பூச்சிக்கு உரசுவதற்குச் சிறகே இல்லை. சிறகு முளைத்தபின், நம்மூர்ச் சித்திரை வெக்கையில், அதன் ஆயுளில் எஞ்சியிருப்பது சில வாரங்களே. அந்தச் சில வாரங்களிலும் எத்தனை கடையிலேயே கழிந்துவிட்டன என்பதை வாங்குபவரால் அறிய முடியாது. பெண்பூச்சி முதிர்ந்துவிட்டதா என்பதையும் எளிதில் கண்டுகொள்ளலாம்: பின்புறத்தில் இரு உணர்கொம்புகளுக்கு நடுவே, முட்டையிடுவதற்கான நீண்ட ஊசி போன்ற குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோது என் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன.

வயது மட்டுமே காரணமன்று. மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தன. திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தது. எச்சமும் செத்த பூச்சிகளும் ஈரத்தில் அழுகும்போது எழும் அமோனியா வாயுதான் அது. காற்றோட்டமற்ற பெட்டியில் நெருக்கமாக அடைத்து, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பேருந்தில் கொண்டுவந்தபின் அவை எவ்வாறு தாங்கும்? போதாக்குறைக்கு உள்ளே தீனியும் இல்லை, நீர்ப்பசையுள்ள காய்த்துண்டும் இல்லை. பசித்த சுவர்க்கோழிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்னும் என்பதற்குச் சான்றாகக் காலிழந்த பூச்சிகள் பலவற்றைப் பெட்டியில் கண்டேன்.

நான் வைத்திருக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான சுவருள்ள உயரமான பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை அகலமாக வெட்டி, அந்த இடத்தில் கம்பிவலை பொருத்தியிருக்கிறேன்; நைலோன் வலையை அவை கடித்து ஓட்டையாக்கிவிடும். முட்டை அடுக்கும் காகித அட்டைகளை உள்ளே நிமிர்த்தி வைத்தால் எச்சம் கீழே விழும், பூச்சிகளுக்கும் இடம் கிடைக்கும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைப்பதில்லை, குஞ்சுகள் அதில் மூழ்கி இறக்கின்றன. கரட் துண்டோ பூசணித் துண்டோ போதும், வாடுமுன் மாற்ற வேண்டும். சந்தையில் வாங்கும் கோவா இலையை நான் கொடுப்பதேயில்லை. தோட்டத்தில் அடித்த மருந்து கழுவியும் போகாமலிருந்தால் ஒரே இரவில் பெட்டி முழுவதும் செத்துவிடும், எஞ்சியதைத் தின்னும் பல்லிக்கும் அது கேடு. செத்தவற்றை நாள்தோறும் பொறுக்கியெடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவறவிட்டால் மற்றவையும் விரைவில் சாகின்றன. முன்பு வாங்கிய பூச்சிகள் இந்த முறையில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததால்தான், இம்முறை குறை என் பக்கத்தில் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

எனவே அப்படியொரு பெட்டியை உங்களிடம் நீட்டினால், கடையிலேயே மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிறகையும் ஊசிக்குழாயையும் தேடுங்கள். அடியில் எத்தனை செத்துக் கிடக்கின்றன என்று அட்டையைத் தூக்கிப் பாருங்கள். திறக்க விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். பணம் கொடுக்கும்போதே, "பாதி வளர்ந்தவை, 200" என்று எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மிஞ்சிய பெண்பூச்சிகளுக்கு ஈரமான தும்புத்தூள் நிரப்பிய சிறு கிண்ணமொன்றை வைத்தேன். இரண்டு வாரங்களுக்குள் எறும்பளவுக் குஞ்சுகள் வெளிவந்தன. அவை வளரும்வரை பல்லிக்கு வேறு பூச்சிகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்து வருகிறோம்.