ரியூசன் கொட்டிலா, ரீச்சர் வீட்டு விறாந்தையா, போனா?

அக்காவின் மகள் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, “மாமா, இங்கிலிஷ் எங்க படிக்கலாம்?” என்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும்: ரியூசன், ஓய்வுபெற்ற ஒரு ரீச்சரின் வீடு, கையில் இருக்கும் போன். மூன்றையும் அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன்.

ரியூசனில் இலக்கணத்துக்குப் பஞ்சமே இல்லை. தகரக் கொட்டில், அறுபது பேர், முதல் கிழமையே 12 காலங்களும் அட்டவணையாகக் கரும்பலகையில் ஏறிவிட்டன. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுவதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். சோதனைக்கு இது உதவும், சரி. ஆனால் ஒரு மாதத்தில் அவள் வகுப்பில் வாய் திறந்தது இடாப்பு கூப்பிடும்போது “பிரசென்ட் சேர்” என்று சொல்ல மட்டும்தான்.

போன் செயலி சொற்களுக்கு நல்லது. இன்று படித்த சொல்லை நாளையும், பிறகு ஒரு கிழமை கழித்தும் கேட்பதால் லேசில் மறக்காது. சொல்லைக் குறைவாக எண்ணக்கூடாது. ஆங்கிலம் கற்பிப்பதில் பேர்பெற்ற மைக்கல் வெஸ்ற் 1953இல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 2000. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். நாளுக்கு ஆறு சொல் என்றால் ஒரு வருடம்கூடத் தேவையில்லை. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியையும் சிலர் சொல்வார்கள். அது ஓரளவு தெரிந்தவர்களுக்கு, தொடக்கத்தில் வேண்டாம்.

செயலியின் குறை வேறு. 'ஒன்' போட்ட இடத்தில் 'இன்' வரவேண்டும் என்று சிவப்பில் காட்டியது. ஏன் என்று சொல்லவில்லை. எங்களுக்கு அந்த 'ஏன்'தான் வேண்டும். வீட்டில், மேசையில், சந்தியில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'லை வைத்துச் சமாளிக்கிறவர்கள் நாங்கள். ஆங்கிலம் அதற்கு இன், ஒன், அற் என்று மூன்று கேட்கிறது. “அவர் டொக்டர்” என்று இரண்டு சொல்லில் நாங்கள் முடிப்பதற்கு அங்கே நடுவில் ஒரு 'இஸ்', ஒரு 'ஏ' வேண்டும். எங்களிடம் இல்லாத சாமான்கள் என்பதால் இவைதான் முதலில் தவறிப்போகின்றன.

கொக்குவில் பக்கம் இருந்த ரீச்சர் வீட்டு விறாந்தையில் இதற்கு அட்டவணை இல்லை. ஒரு மாம்பழம்தான். அதைக் கதிரையின் மேல் வைத்து “வேர் இஸ் இற்?” என்பார். பிறகு கதிரைக்குக் கீழே, பிறகு மேசை லாச்சிக்குள். மருமகள் யோசிக்காமல் “இன் த லாச்சி” என்றாள். தமிழ் மாதிரி இல்லாததால் அது ஆங்கிலம் என்று நினைத்துவிட்டாளாம்! ரீச்சர் சிரித்து முடித்துவிட்டு, லாச்சியும் கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை, கதிரையும் அலுமாரியும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் தந்தவை என்றார். அன்றைக்கு வந்த 'ட்ரோயர்' என்ற சொல்லை அவள் இனி மறக்கமாட்டாள்.

பேசும்போது ரீச்சர் இடையில் திருத்துவதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் பிழைகளை எடுத்துத் தமிழில் விளக்குவார். இது எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாகத்தான் வந்தது.

குறை இல்லாமலா? மாதக் காசு ரியூசனைப்போல மூன்று மடங்கு. ரீச்சருக்கு முட்டு வந்தால் அந்தக் கிழமை வகுப்பில்லை. அவருடைய 'ஷல்'லை இன்றைய பிள்ளைகள் அவ்வளவாகச் சொல்வதுமில்லை. ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிறவருக்கு நான் விறாந்தையைத்தான் சொல்வேன், முதல் மூன்று மாதமாவது. இரவில் சொல் படிக்கப் போன் கூட இருக்கட்டும். சோதனை இருந்தால் மட்டும் கொட்டில்.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது, ஆரும் கணக்கில் எடுப்பதில்லை. கனடாவில் பெரியக்காவின் பேரனுக்கு ஆறு வயது, தமிழ் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் வருவான். போன கிழமை அறையைச் சுற்றிக் காட்டி, தன் பூனை எங்கே என்று கேட்டான். மருமகள் உற்றுப் பார்த்து, “அண்டர் த பெட்” என்றாள்.